மெகஸ்தனிஸ் மதுரைக்கு வந்தாரா? பாண்டியர் பற்றி முதலில் எழுதிய கிரேக்கரின் கதை

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலைக் கட்டியது உக்கிரபாண்டியன் என்கிறது தல வரலாறு. தென்காசி, நெல்லைப் பக்கம் எந்தப் பழைய கோயிலுக்குப் போனாலும் ஏதாவது ஒரு பாண்டியர் பெயர் காதில் விழும். அந்தப் பெயரை எழுதி வைத்த வெளிநாட்டவர்களில், நமக்குத் தெரிந்து முதல் ஆள் ஒரு கிரேக்கர். சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மெகஸ்தனிஸ்.

அவர் மதுரைக்கே வந்து பாண்டிய அரசியைப் பார்த்தார் என்று சொல்வாருண்டு. ஆனா, அவர் தெற்கே வந்ததற்கு எந்த ஆதாரமும் இல்லை. அப்படின்னா எழுதியது எப்படி?

யார் இவர்?

கி.மு. 323-ல் அலெக்சாண்டர் இறந்ததும் தளபதிகள் பேரரசைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். கிழக்குப் பகுதி செலூக்கஸ் நிகேட்டர் கைக்கு வந்தது. சந்திரகுப்த மௌரியரோடு மோதிய அவர், கி.மு. 303 வாக்கில் சமாதானத்துக்கு இறங்கி, நிலத்தை விட்டுக்கொடுத்து 500 யானைகளை வாங்கிக்கொண்டார். நஷ்டமில்லை. கி.மு. 301-ல் நடந்த இப்சஸ் போரில் செலூக்கஸ் பக்கம் ஜெயிக்க யானைகள்தான் பெரிய காரணம்.

இந்த உறவின் தூதராக வந்தவர்தான் மெகஸ்தனிஸ். இன்றைய காந்தஹார் பகுதியான அரக்கோசியாவின் ஆளுநரிடம் தங்கியிருந்தவர், அங்கிருந்து பாடலிபுத்திரம் வந்தார். அதாவது இன்றைய பாட்னா. அங்கே பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்து எழுதிய புத்தகம்தான் 'இண்டிகா'.

பார்த்தது ஒன்று, கேட்டது ஒன்று

இங்கேதான் விஷயம் இருக்கு. கண்ணால் பார்த்ததை எழுதும்போது அவர் கில்லாடி. பாடலிபுத்திரத்தைச் சுற்றி மரத்தாலான மதில், அதில் 570 கோபுரங்கள், 64 வாசல்கள் என்று கணக்கு கொடுத்தார். மதிலே மரமா என்று சந்தேகப்படத் தோன்றும். ஆனா 20-ம் நூற்றாண்டில் பாட்னாவின் புலந்திபாக்கில் தோண்டியபோது பெரிய பெரிய மரக்கட்டைகளால் ஆன அரணே கிடைத்தது.

கேட்டதை எழுதும்போது கதையே வேற. தங்கம் தோண்டும் எறும்புகள், வாயே இல்லாமல் வாசனையை மட்டும் முகர்ந்து வாழும் மனிதர்கள் எல்லாம் வருவார்கள். இதனாலேயே ஸ்ட்ராபோ என்ற கிரேக்க அறிஞர் பின்னாளில் இவரை நம்பவே கூடாதவர் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

பாண்டிய நாடு இந்த இரண்டாவது வகைதான், கேட்டு எழுதியது. கிரேக்க வீரன் ஹெராக்கிள்ஸுக்குப் பண்டேயா என்று ஒரு மகள். அவள் ஆண்ட நாட்டுக்கு அவள் பெயரே வந்தது. 500 யானைகள், 4,000 குதிரைகள், 1,30,000 காலாட்படை. மகளுக்கு அணிவிக்க அப்பா கடலில் தேடிக் கொண்டுவந்தது முத்து. அவர் பெயரில் வழங்கும் இன்னொரு குறிப்பில் 365 கிராமங்கள் வருகின்றன. நாளுக்கு ஒரு கிராமம் அரண்மனைக்கு வரி கொண்டுபோக வேண்டுமாம். அந்த நாட்டுப் பெண்களுக்கு 7 வயதிலேயே கல்யாண வயது என்றும் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் அப்படியே நம்ப முடியாது.

நம் ஊர்த் தெய்வங்களுக்குக் கிரேக்கப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். டயோனிசஸ் என்றால் சிவன், ஹெராக்கிள்ஸ் என்றால் கண்ணன் என்பது பல ஆய்வாளர்களின் கணிப்பு. இல்லை, ஹெராக்கிள்ஸ்தான் சிவன் என்பவர்களும் உண்டு. அரனும் அரியும் ஒரே உடலில் நிற்கும் சங்கரன்கோவில்காரர்களுக்கு இது பெரிய சண்டையாகத் தெரியாது!

பண்டேயாதான் மதுரை மீனாட்சி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். ஆனா மீனாட்சி கதையை விரிவாகச் சொல்லும் திருவிளையாடல் நூல்கள் இவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியவை. அவசரப்பட்டு முடிச்சுப் போடாமல் இருப்பதே நல்லது.

அப்புறம் ஏன் முக்கியம்?

கதையைக் கழித்தாலும் மூன்று விஷயம் மிஞ்சுது. பாண்டியர் என்ற பெயர், தெற்கே கடல்வரை ஒரு நாடு, அங்கே முத்து. கொற்கை முத்து பற்றிச் சங்க இலக்கியமே பேசுகிறது. மெகஸ்தனிஸுக்குப் பிறகு சுமார் அரை நூற்றாண்டுக்குள் அசோகரின் கல்வெட்டுகள் பாண்டியரைச் சோழரோடு சேர்த்து, தன் ஆட்சி எல்லைக்கு வெளியே இருப்பவர்கள் என்று குறிப்பிடுகின்றன. தெற்கே வராத ஒருவர் காதுக்கு, பாடலிபுத்திரத்திலேயே பாண்டியர் பெயர் எட்டியிருக்கிறது.

'இண்டிகா' மூலநூல் இன்று இல்லை. அரியன், ஸ்ட்ராபோ, டியோடோரஸ், பிளினி போன்றவர்கள் அதிலிருந்து எடுத்து எழுதிய துண்டுகள்தான் மிச்சம். 1846-ல் ஜெர்மன் அறிஞர் ஷ்வான்பெக் அவற்றைத் தேடித் தொகுத்தார். 1877-ல் மெக்கிரிண்டில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும்போது வரும் மெகஸ்தனிஸ், இந்தத் துண்டுகளில் இருந்து வந்தவர்தான்.