மண்மேட்டைப் படித்தவர்: அலெக்சாண்டர் கன்னிங்காம்

கல்தச்சராகத் தொழில் பயின்று, பின்னர்க் கவிஞராகப் புகழ் பெற்றவர் ஸ்காட்லாந்தின் ஆலன் கன்னிங்காம். கல்லும் சொல்லும் ஒருங்கே வாழ்ந்த அந்த இல்லத்தில், 1814ஆம் ஆண்டு சனவரி 23ஆம் நாள் பிறந்தவர் அலெக்சாண்டர். தந்தையின் நண்பரான நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட்டின் பரிந்துரையால் கிழக்கிந்தியக் கம்பெனியில் இடம் கிடைத்தது. பத்தொன்பது வயதில் வங்காளப் பொறியாளர் படையின் அதிகாரியாக இந்தியா வந்தார். பிராமி எழுத்தின் புதிரை அவிழ்த்த ஜேம்ஸ் பிரின்செப்பின் நட்பு அவரைத் தொன்மையின்பால் திருப்பியது.

1835இல் காசியை அடுத்த சாரநாத்தில், தமேக் தூபியின் உச்சியிலிருந்து அடித்தளம் வரை குழி தோண்டினார். பௌத்த அறவுரை பொறித்த கல் ஒன்று கிடைத்தது. தேடிய தாதுப்பேழை கிடைக்கவில்லை. அருகே கண்டெடுத்த சிற்பங்களுள் சிலவற்றைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அங்கேயே விட்டுவந்த சிலைகள், பின்னாளில் வருணை ஆற்றுப் பாலத்தின் அடிப்பகுதியை வெள்ளம் அரிக்காதிருக்க நீரில் கொட்டப்பட்டன. புத்தர் முதன்முதல் அறம் உரைத்த இடத்தின் கலைச்செல்வத்துக்கு நேர்ந்த கதி அது.

1861இல் படைப்பணியிலிருந்து ஓய்வுபெற்றதும், அரசு அவரைத் தொல்பொருள் ஆய்வாளராக அமர்த்தியது. அந்த முதற் பருவத்திலேயே பீகாரின் பர்காவ் சிற்றூரை அடைந்தார். உயர்ந்த செங்கல் மேடுகளும் குளங்களுமே அங்கு எஞ்சியிருந்தன. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவற்றைக் கண்ட புக்கனன், அரசன் ஒருவனின் இருப்பிடம் என்றே எண்ணினார். கன்னிங்காமுக்கோ, ஏழாம் நூற்றாண்டுச் சீனத் துறவி யுவான் சுவாங்கின் பயண நூல் வழிகாட்டியாயிற்று. அதில் சொல்லப்பட்ட திசைகளையும் தொலைவுகளையும் நிலத்தோடு பொருத்தினார். நாளந்தா என்னும் பெயர் தாங்கிய கல்வெட்டுகளும் சான்றாயின. காஞ்சியிலிருந்து சென்ற தருமபாலர் ஆசானாய் வீற்றிருந்த பெரும் விகாரை, தன் பெயரை மீண்டும் பெற்றது.

ஆயினும், நாளந்தாவில் கண் கொடுத்த அதே நூல் அரப்பாவில் கண்ணை மறைத்தது. பஞ்சாபின் அம்மேடுகளிலும் யுவான் சுவாங் கண்ட பௌத்த நகரையே அவர் தேடினார். கைக்குக் கிடைத்த முத்திரையை அயல்நாட்டுப் பொருளென ஒதுக்கி, 1875இல் அவ்வாறே எழுதினார். பௌத்தத்துக்கும் ஈராயிரம் ஆண்டு முந்திய நாகரிகத்தின் மீது நின்றும் அதனை அவர் அறியவில்லை. 1924இல் ஜான் மார்ஷல் அறிவித்த பின்னரே உலகம் அதை அறிந்தது.

1893 நவம்பர் 28இல் கன்னிங்காம் மறைந்தார். 1915இல் தொடங்கிய அகழாய்வு, நாளந்தா மகாவிகாரையின் பெயர் பொறித்த களிமண் முத்திரைகளை வெளிக்கொணர்ந்து அவர் முடிவை உறுதிசெய்தது. 2016இல் அவ்விடம் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. செங்கல் சிதைந்த பின்னும் ஒரு பயணியின் சொல் அதன் முகவரியைக் காத்து நின்றது. அச்சொல்லை நம்பி நடந்தவரின் வெற்றியும் பிழையும், நூலோடு நிலத்தையும் படிக்க வேண்டும் என்பதையே நமக்கு உணர்த்துகின்றன.