இரண்டரை ஆண்டு ஆட்சியில் எஞ்சியவை
கலீஃபா உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்களின் வாழ்வு தரும் படிப்பினை

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டுமாக!



ஒரு பொறுப்பு நம் கைக்கு வரும்போது அதனுடன் மூன்று பணிகள் சேர்ந்தே வருகின்றன. கணக்கையும் காரியங்களையும் ஒழுங்காக நடத்துவது நிர்வாகம். மக்களுக்கு முன்னே நடந்து வழிகாட்டுவது தலைமை. நமக்குப் பின் அப்பணியைத் தாங்கக் கூடியவர்களை உருவாக்குவது பயிற்றுவித்தல். கடை நடத்துபவருக்கும், பள்ளிவாசல் முத்தவல்லிக்கும், ஒரு குடும்பத்தின் தந்தைக்கும் இம்மூன்றும் உண்டு. நம்மில் பலர் முதற்பணியிலேயே மூழ்கிவிடுகிறோம். இரண்டாவதை எப்போதாவது நினைக்கிறோம். மூன்றாவதை மறந்தே போகிறோம். அதனால் என்ன இழப்பு நேரும் என்பதை இரண்டரை ஆண்டுகள் மட்டுமே ஆட்சி செய்த ஒரு கலீஃபாவின் வரலாறு நமக்குத் தெளிவாகக் காட்டுகிறது.

உஸ்தாதின் கண்டிப்பு

உமர் பின் அப்துல் அஜீஸ் (ரஹ்) அவர்கள் உமைய்யா அரச குடும்பத்தில் பிறந்தவர்கள். தாய்வழியில் இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வழித்தோன்றல். தந்தை அப்துல் அஜீஸ் எகிப்தின் ஆளுநராக இருந்தார். தம் மகன் செல்வச் செழிப்பில் கெட்டுவிடக் கூடாது என்று கருதி, கல்வி கற்பதற்காக மதீனாவில் ஸாலிஹ் பின் கைஸான் என்னும் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்.

ஒருநாள் சிறுவர் உமர் தொழுகைக்குத் தாமதமாக வந்தார்கள். காரணம் கேட்டபோது, தலைவாரி விடும் பெண் முடியைச் சீர்செய்து கொண்டிருந்ததால் நேரமாகிவிட்டது என்றார்கள். ஆசிரியர் இதனை எகிப்துக்கு எழுதி அனுப்பினார். தந்தை உடனே ஓர் ஆளை அனுப்பினார். வந்தவர் வேறு பேச்சு எதுவும் பேசாமல் முதலில் மகனின் தலையை மழித்துவிட்டார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மகனின் கல்விக்குப் பொருள் அனுப்பியதோடு தம் கடமை முடிந்தது என்று அந்தத் தந்தை இருக்கவில்லை. ஆசிரியரின் கடிதத்தைப் படித்தார்; அதற்கு மதிப்பும் கொடுத்தார்.

மதீனாவின் பத்து அறிஞர்கள்

ஹிஜ்ரி 87இல் (கி.பி. 706) உமர் (ரஹ்) அவர்கள் மதீனாவின் ஆளுநரானார்கள். அக்காலத்தில் அவர்கள் உயர்ந்த ஆடையும் நறுமணமும் விரும்பிய இளைஞர். அவர்களின் நடையழகை இளம்பெண்கள் பின்பற்ற முயன்றனர் என்று கூடச் சொல்லப்படுகிறது. ஆனால் பதவியேற்றதும் அவர்கள் செய்த முதற்காரியம் மிக முதிர்ச்சியானது. உர்வா பின் ஸுபைர், காஸிம் பின் முஹம்மத், ஸாலிம் பின் அப்துல்லாஹ் உள்ளிட்ட பத்து மார்க்க அறிஞர்களை அழைத்தார்கள். அவர்களுடைய ஆலோசனையின்றி எதையும் தாம் முடிவு செய்யப் போவதில்லை என்றும், தம் அதிகாரிகள் எவரேனும் அநீதி இழைப்பதைக் கண்டால் தமக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்கள். நல்ல நிர்வாகி தம் குறையைச் சொல்லக்கூடியவர்களைத் தாமே தேடிச் செல்வார் என்பதற்கு இது சான்று.

தம்மிலிருந்து தொடங்கியவர்

ஹிஜ்ரி 99இல் (கி.பி. 717) கலீஃபா சுலைமான் வஃபாத்தானார். அவர் முத்திரையிட்டு வைத்திருந்த கடிதம் திறக்கப்பட்டபோது அதில் உமர் (ரஹ்) அவர்களின் பெயர் இருந்தது. அவர்களோ மிம்பரில் ஏறி, தம்மைக் கேளாமலும் மக்களைக் கேளாமலும் இப்பொறுப்பு சுமத்தப்பட்டுள்ளது என்றும், விரும்பிய வேறொருவரை மக்கள் தேர்ந்துகொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள். மக்கள் அவர்களையே ஏற்றனர். கலீஃபாவுக்கென அலங்கரித்துக் கொண்டு வரப்பட்ட குதிரைகளை பைத்துல்மாலில் சேர்க்கச் சொல்லிவிட்டு, தம் சொந்தக் கோவேறு கழுதையில் புறப்பட்டார்கள்.

அடுத்து, தம் குடும்பத்தார் முறையின்றிப் பெற்றிருந்த நிலங்களை உரியவர்களுக்குத் திருப்பும் பணி தொடங்கியது. பிறருடைய சொத்தில் கை வைக்கும் முன் தம் சொத்தை ஒப்படைத்தார்கள். துணைவியார் ஃபாத்திமா ஒரு கலீஃபாவின் மகள். நான்கு கலீஃபாக்களின் சகோதரி. தந்தை அணிவித்த விலையுயர்ந்த நகைகள் அவரிடம் இருந்தன. அவற்றை பைத்துல்மாலில் சேர்ப்பதா, அல்லது தம்மைப் பிரிந்து செல்வதா என்று முடிவு செய்யும் உரிமையை அவரிடமே கொடுத்தார்கள். அந்த அம்மையார் கணவரைத் தேர்ந்துகொண்டார். மக்களிடம் கேட்பதை முதலில் வீட்டில் செய்து காட்டியதே அவர்களின் தலைமை.

சிக்கனமும் உறுதியும்

அவர்களின் நிர்வாகம் நுணுக்கமானது. எழுதுதாள் அதிகம் வேண்டும் என்று ஆளுநர் ஒருவர் கேட்டபோது, எழுதுகோலைக் கூர்மையாக்கி, எழுத்துக்களை நெருக்கி எழுதுமாறு பதில் அனுப்பினார்கள். அதே வேளையில் அதிகாரிகள் மக்களிடம் கை நீட்டாதிருக்க அவர்களுக்குத் தாராளமாக ஊதியம் வழங்கினார்கள் என்றும் அறிவிக்கப்படுகிறது. சிக்கனம் தாளில் இருந்தது. உழைப்பவரின் கூலியில் இல்லை.

குராசானில் புதிதாக இஸ்லாத்தைத் தழுவியவர்களிடம் ஜிஸ்யா வரி தொடர்ந்து வசூலிக்கப்பட்டது. வருவாய் குறைந்தாலும் அதனை நிறுத்துமாறு உத்தரவிட்டார்கள். அம்மக்களை வாளும் சாட்டையும் மட்டுமே திருத்தும் என்று கருதிய ஆளுநரைப் பதவியிலிருந்தும் நீக்கினார்கள். எங்கே மென்மை, எங்கே உறுதி என்பதை அறிந்திருந்தார்கள்.

ஆனால் எல்லாரையும் நீக்கிவிடவில்லை. ஜஸீராவில் நீதியும் வரியும் கவனித்த மைமூன் பின் மிஹ்ரான், பணிச்சுமை தாங்கவில்லை, தம்மை விடுவிக்க வேண்டும் என்று எழுதினார். கலீஃபா அவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவுமில்லை, விடுவிக்கவுமில்லை. தூய்மையானதை மட்டும் வசூலிக்கும்படியும், தெளிவானதில் தீர்ப்பளிக்கும்படியும், குழப்பமானதைத் தம்மிடம் அனுப்பும்படியும் எழுதினார்கள். பாரமாகத் தோன்றியதையெல்லாம் மனிதர்கள் கைவிட்டால் மார்க்கமும் நிற்காது, உலகமும் நிற்காது என்று எடுத்துரைத்தார்கள். சுமையைப் பகிர்ந்துகொண்டு ஆளைத் தக்கவைக்கும் வழி இது. நம் ஊர்களில் சலிப்புற்ற ஒருவர் பொறுப்பை விட்டு விலகும்போது, இப்படி ஒரு சொல் சொல்ல எத்தனை பேர் இருக்கிறோம்?

மகனிடம் கேட்டதும் மகனுக்குச் சொன்னதும்

சுலைமானை அடக்கம் செய்துவிட்டு, இரவெல்லாம் விழித்திருந்த களைப்பில் உமர் (ரஹ்) அவர்கள் சற்று ஓய்வெடுக்கச் சென்றார்கள். மகன் அப்துல் மலிக் வந்து, அநியாயமாகப் பறிக்கப்பட்டவற்றைத் திருப்பிக் கொடுக்காமலா உறங்கப் போகிறீர்கள் என்ற கருத்தில் கேட்டார். ளுஹருக்குப் பின் செய்யலாம் என்றார்கள் தந்தை. ளுஹர் வரை உயிரோடிருப்பீர்கள் என்பதற்கு யார் பொறுப்பு என்று கேட்டார் மகன். தந்தை மகனை அணைத்து, இத்தகைய பிள்ளையைத் தந்ததற்காக அல்லாஹ்வைப் புகழ்ந்து, எழுந்து சென்றார்கள்.

பின்னர் ஒருமுறை அதே மகன், எல்லாச் சீர்திருத்தங்களையும் ஒரே மூச்சில் செய்துவிடும்படி வற்புறுத்தினார். இம்முறை தந்தை இணங்கவில்லை. மதுவைக் குர்ஆன் படிப்படியாகவே தடை செய்ததை நினைவூட்டி, சத்தியம் முழுவதையும் ஒரே நேரத்தில் சுமத்தினால் மக்கள் முழுவதையும் ஒரே நேரத்தில் தள்ளிவிடுவார்கள் என்று விளக்கினார்கள். மகன் சரியாகச் சொன்னபோது பணிந்தார்கள். அவசரப்பட்டபோது பொறுமையாகக் கற்பித்தார்கள். அதட்டி அடக்கவில்லை.

வீடு கொடுத்த விலை

இவ்வளவுக்கும் வீட்டார் கொடுத்த விலை சிறியதல்ல. ஒருநாள் தந்தையைக் கண்ட பெண்மக்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வீட்டில் பருப்பும் வெங்காயமும் தவிர வேறு உணவில்லை, அந்த வாடை தந்தைக்கு வீசக் கூடாது என்பதே காரணம் என்று அறிந்து அவர்கள் அழுதார்கள். குடும்பத்தின் தியாகத்தை அவர்கள் கண்டார்கள், உணர்ந்தார்கள். நாமோ பொதுப்பணியின் பெயரால் வீட்டை மறந்துவிட்டு, வீட்டார் எதை இழந்தார்கள் என்று கேட்பதும் இல்லை.

ஓர் இரவு விருந்தினர் இருக்கும்போது விளக்கு மங்கியது. பணியாள் உறங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப மனமின்றிக் கலீஃபா அவர்களே எழுந்து எண்ணெய் ஊற்றித் திரும்பினார்கள். எழுந்தபோதும் தாம் உமர்தான், அமர்ந்தபோதும் தாம் உமர்தான் என்பதே அவர்கள் விருந்தினருக்குத் தந்த விளக்கம்.

எஞ்சியவை எவை?

மகன் அப்துல் மலிக் தந்தைக்கு முன்பே இளம் வயதில் வஃபாத்தானார். ஹிஜ்ரி 101 ரஜப் மாதத்தில் (கி.பி. 720) ஸிரியாவின் தைர் ஸம்ஆனில், சுமார் நாற்பது வயதில் உமர் (ரஹ்) அவர்களும் இறையடி சேர்ந்தார்கள். சுலைமானின் ஏற்பாட்டின்படியே அடுத்துப் பதவிக்கு வந்த யஸீத், அவர்களின் உத்தரவுகள் பலவற்றை மாற்றிவிட்டார். அரசாணைகள் நாற்காலியோடு போயின.

மனிதர்களிடம் விதைத்தவை போகவில்லை. வட ஆப்பிரிக்க மக்களுக்கு மார்க்கம் கற்பிக்க அவர்கள் அனுப்பிய பத்து தாபிஈன்களின் பணி அங்கே வேரூன்றி நின்றது. ஹதீஸ்களைத் தேடி எழுதிவைக்குமாறு மதீனாவில் அபூபக்ர் பின் ஹஸ்ம் அவர்களுக்கு இட்ட கட்டளை, ஹதீஸ் தொகுப்புக் கலைக்கே தூண்டுகோலாக அமைந்தது. யஸீத், ஃபாத்திமா அம்மையாரின் சகோதரர். அவர் நகைகளைத் திருப்பித் தர முன்வந்தபோது, கணவர் உயிரோடிருக்கையில் மனமுவந்து கொடுத்ததை அவர் மறைந்தபின் திரும்பப் பெறமாட்டேன் என்று அம்மையார் மறுத்துவிட்டார். கலீஃபா மாற்றிய சட்டம் மாறியது. அவர்கள் மாற்றிய உள்ளம் மாறவில்லை.

அன்பார்ந்த ஜமாஅத்தார்களே! நிர்வாகக் குழுக்கள் வரும், போகும். வரவு செலவு அறிக்கை ஆண்டுதோறும் அச்சாகும். அக்கணக்கு அமானிதம், அது சரியாக இருந்தே தீரவேண்டும். ஆயினும் நம்மோடு அமர்ந்து கணக்கெழுதக் கற்ற ஓர் இளைஞர், ஜனாஸாவுக்கு நம்மோடு ஓடிவந்து பழகிய ஒரு மாணவர், நம் நேர்மையைக் கண்டு வளர்ந்த நம் வீட்டுப் பிள்ளை ஆகியோரே நமக்குப் பின்னும் நிலைக்கும் கணக்கு. ஒவ்வொரு பொறுப்பாளரும் தம் அருகில் ஓர் இளையவரை அமர்த்திக்கொள்ளட்டும். ஒவ்வொரு தந்தையும் வேலை முடிந்து வந்தபின் தம் பிள்ளை சொல்வதைச் சற்று நேரம் கேட்கட்டும்.

நம் பொறுப்புகளைச் செம்மையாக நிறைவேற்றவும், நம்மைவிடச் சிறந்தவர்களிடம் அவற்றை ஒப்படைத்துச் செல்லவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.