எட்வர்ட் லாரி

எட்வர்ட் லாரி (1846 - 1915) ஐதராபாத் சமத்தானத்தில் பணியாற்றிய பிரித்தானிய அறுவை மருத்துவர் ஆவார். குளோரோஃபார்ம் மயக்க மருந்தின் பாதுகாப்பை ஆராய்ந்த ஐதராபாத் ஆணைக்குழுக்களை முன்னின்று நடத்தியவர் இவரே.

பின்னணி

1847 இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மை அறிமுகப்படுத்தினார். அடுத்த ஆண்டே, கால் நகத்தை அகற்றுவதற்காக மயக்கப்பட்ட 15 வயதுச் சிறுமி ஹன்னா கிரீனர் இங்கிலாந்தில் இறந்தார். இத்தகைய இறப்புகளில் முதலில் நிற்பது மூச்சா, இதயமா என்ற கேள்வி எழுந்தது. எடின்பரோ மருத்துவர்கள் மூச்சையும், இலண்டன் மருத்துவர்கள் நாடியையும் கவனித்தனர். லாரி எடின்பரோவில் ஜேம்ஸ் சைமிடம் பயின்றவர்.

ஆணைக்குழுக்கள்

ஐதராபாத் மருத்துவப் பள்ளியின் தலைவராக இருந்த லாரி, 1888 இல் முதல் ஆணைக்குழுவை அமைத்து விலங்குகளில் சோதனை செய்தார். அதன் முடிவை லான்செட் இதழ் ஏற்கவில்லை. எனவே நிசாம் மகபூப் அலி கான் 1000 பவுண்டு வழங்கினார். 1889 இல் லாடர் பிரண்டன் இலண்டனிலிருந்து வந்து இரண்டாம் ஆணைக்குழுவில் பங்கேற்றார். மூச்சே முதலில் நிற்கிறது என்று இக்குழுவும் முடிவு செய்தது. மயக்குபவர் மூச்சை மட்டுமே கவனிக்க வேண்டும், ஆடை மூச்சைத் தடுக்கக் கூடாது, அழுது திமிறி மூச்சைப் பிடிக்கும் குழந்தை அடுத்து இழுக்கும் ஆழ்ந்த மூச்சில் தூய காற்றும் கலந்திருக்க வேண்டும் என அது அறிவுறுத்தியது.

லாரியின் மாணவியருள் ஒருவரான ரூபாபாய் பர்தூன்ஜி, இந்தியாவின் தொடக்ககாலப் பெண் மயக்க மருத்துவர்களுள் ஒருவர் ஆவார்.

மறுப்பும் மதிப்பீடும்

1893 இல் கேம்பிரிட்ஜில் காஸ்கெல், ஷோர் ஆகியோர் குளோரோஃபார்ம் இதயத்தை நேரடியாகத் தளர்த்துவதைக் காட்டினர். 1911 இல் குட்மன் லெவி, மெல்லிய மயக்கத்திலேயே இதயக் கீழறைகள் ஒழுங்கின்றித் துடித்து உயிர் போகலாம் என நிறுவினார். நாடியைக் கவனிக்கத் தேவையில்லை என்ற லாரியின் கருத்து இதனால் வீழ்ந்தது.

எனினும் மூச்சைக் குறித்த அவரது வற்புறுத்தல் முழுவதும் பிழையன்று. பச்சிளங் குழந்தைகளில் பெரும்பாலும் மூச்சு தடைப்பட்டு ஆக்சிஜன் குறைந்த பின்னரே இதயம் நிற்கிறது. ஆகையால் மூச்சுவழிக் குறைபாட்டுடன் பிறந்த குழந்தையை மயக்குகையில் அவ்வழியைத் திறந்து காப்பதே முதற்பணியாகும். நாடியும் இதயத்துடிப்பும் உடன் கண்காணிக்கப்படுகின்றன.