ஹாக்கி இழந்த கோபாலன்

ஆண்டு மலர் என்றால் அதில் புலவர் ஒருவர் வரலாறும் தேசத் தொண்டர் ஒருவர் வரலாறும் இடம்பெறுவது வழக்கம். இவ்வாண்டு அவ்வரிசையில் ஆட்டக்காரர் ஒருவரை அமர்த்த விரும்புகிறோம். பம்பாய் என்றாலே கிரிக்கெட் என்று பேசும் இம்மண்ணில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு விஜய் மெர்ச்சன்ட் பெயர் தெரியும். கவாஸ்கர் பெயர் தெரியும். மொரப்பாக்கம் ஜோஸ்யம் கோபாலன் என்ற பெயரைச் சொன்னால், அவர் யார் என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். எம். ஜே. கோபாலன் என்று நாடறிந்த அப்பெருந்தகை, கிரிக்கெட்டிலும் ஹாக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். இரண்டில் ஒன்றை விட்டே தீர வேண்டிய வேளை அவருக்கு 1936ஆம் ஆண்டில் வந்தது. அவர் விட்டது எது, பெற்றது எது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கோபாலன் பிறந்தது 1909ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள். மொரப்பாக்கம் செங்கற்பட்டு வட்டாரத்துச் சிற்றூர். அவர் ஆட்டம் வளர்ந்தது சென்னைத் திருவல்லிக்கேணியில். பார்த்தசாரதி கோயிலும் கடற்கரையும் நம் நினைவுக்கு வரும் அப்பேட்டை, பந்தாட்டத்திலும் பெயர் பெற்றதே. அந்நாளில் சென்னையில் கிரிக்கெட் இரு கரைகளாகப் பிரிந்து கிடந்தது. சேப்பாக்கத்துப் பசும்புல் மைதானம் வெள்ளையர் கழகத்தின் வசம் இருந்தது. இந்தியர்களுக்கெனத் தனிக் கழகம் கண்டவர் புச்சி பாபு நாயுடு. வெள்ளையரும் இந்தியரும் எதிரெதிர் நின்று ஆடும் பிரஸிடென்ஸி மாட்ச் என்ற பந்தயமும் அவர் முயற்சியால் எழுந்ததே. 1908இல் அப்பந்தயம் முதன்முறையாக நடக்குமுன் அவர் கண்மூடினார். எனினும், பின்னாளில் பொங்கலை ஒட்டி ஆண்டுதோறும் நடைபெற்ற அப்பந்தயம் சென்னை மக்களுக்குத் திருவிழாவாகவே ஆயிற்று. புச்சி பாபுவின் பெயரை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். அவருடைய மைந்தர் ஒருவரைப் பின்னே சந்திப்போம்.

அந்தப் பந்தயத்தில் எதிர்க்கரையில் நின்ற ஆங்கிலேயர் ஒருவரே கோபாலனைக் கண்டெடுத்தார் என்பதில் ஒரு சுவை உண்டு. பர்மா ஷெல் எண்ணெய்க் கம்பெனியின் அதிகாரியாயிருந்த சி. பி. ஜான்ஸ்டன், இவ்விளைஞர் பந்து வீசும் திறம் கண்டு, தம் கம்பெனியிலேயே வேலையும் அமைத்துக் கொடுத்தார். அந்நாளில் ஆட்டத்தால் சோறு கிடைப்பதில்லை. வேலை கிடைத்தாலன்றி ஆட்டம் நிலைப்பதில்லை. வேலையை நம்பி ஊர்விட்டு வந்த குடும்பங்களாகிய நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதின்று. 1926-27ஆம் பருவத்தில் முதல்தர ஆட்டத்தில் அடியெடுத்து வைத்த கோபாலன், மிதவேகப் பந்துவீச்சாலும், பின்வரிசையில் இறங்கி அஞ்சாது அடிக்கும் மட்டையாலும் விரைவில் சென்னை அணிக்கு இன்றியமையாதவர் ஆனார்.

அவர் பெயரை வரலாற்றில் நிலைநிறுத்திய பந்து ஒன்று உண்டு. 1933இல் மறைந்த ரஞ்சித்சிங்கின் நினைவாக மாகாணங்களுக்கிடையே கேடயப் போட்டி ஒன்று ஏற்பட்டது. இன்று ரஞ்சிக் கோப்பை என்று நாம் வழங்கும் அப்போட்டியின் முதல் ஆட்டம் 1934ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் சேப்பாக்கத்தில் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நடைபெற்றது. ஜான்ஸ்டன் சென்னையின் தலைவர். முதல் பந்தை வீசியவர் கோபாலன், எதிர்கொண்டவர் கர்டிஸ். அன்று மைசூர் 48 ரன்னுக்கும், மறுமுறை 59 ரன்னுக்கும் சுருண்டது. ஏ. ஜி. ராம்சிங் 35 ரன் மட்டுமே கொடுத்து 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். சென்னை எடுத்தது 130; அதுவே போதுமானதாயிற்று. ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. அன்று தொடங்கிய போட்டி தொண்ணூறு ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அதில் வீசப்பட்ட இலட்சக்கணக்கான பந்துகளுக்கெல்லாம் மூத்த பந்து ஒரு தமிழர் கையிலிருந்து புறப்பட்டது. பம்பாய் அன்பர்கள் தங்கள் கோப்பைகளை எண்ணிக் காட்டும்போது, இதையும் நாம் பணிவுடன் எடுத்துக் கூறலாம்.

இதற்குச் சில திங்கள் முன்பே டெஸ்ட் ஆட்டமும் அவரைத் தேடி வந்திருந்தது. ஜார்டின் தலைமையில் ஆங்கில அணி 1933ஆம் ஆண்டு இறுதியில் இந்தியா வந்தது. இந்திய மண்ணின் முதல் டெஸ்ட் நம் பம்பாய் ஜிம்கானாவில் நடந்தது. கோபாலன் ஆடியது 1934 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த இரண்டாவது டெஸ்டில். ஆட்டமிழக்காமல் 11, மறுமுறை 7, ஒரு விக்கெட்: அவ்வளவே. அடுத்த மாதம் டெஸ்ட் ஆட்டம் முதன்முதலாகச் சென்னைக்கே வந்தது. சேப்பாக்கத்தின் ஒவ்வொரு புல்லையும் அறிந்த கோபாலனுக்கு அதில் இடமில்லை. தேர்வாளர்களின் மனம் தேவர்க்கும் தெரியாது என்று சொல்லி இதைக் கடந்து செல்வோம்.

இனி ஹாக்கிக்கு வருவோம். கிரிக்கெட்டில் இந்தியா அன்று கற்றுக்குட்டி. ஹாக்கியிலோ உலகுக்கே ஆசான். 1928இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1932இல் லாஸ் ஏஞ்சலிஸிலும் ஒலிம்பிக் தங்கம் நம்முடையது. அத்தகைய அணி 1935ஆம் ஆண்டு தியான் சந்த் தலைமையில் நியூஸிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றபோது, கோபாலன் அதில் இருந்தார். அப்பயணத்தில் நடந்த ஆட்டங்கள் 48, இந்தியர் அடித்த கோல்கள் 584, வாங்கியவை 40. தியான் சந்த் ஒருவரே 201 கோல் போட்டார். அடிலெய்டில் டான் பிராட்மன் இவ்வணியினரைச் சந்தித்ததும் அப்பயணத்திலேதான். இந்த வீரர்களிடையே தோளோடு தோள் நின்று ஆடித் திரும்பிய ஒருவருக்கு, மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் அணியில் இடம் கிட்டும் என்று பலரும் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

தேர்வு ஆட்டங்களுக்கு ஹாக்கி அழைத்தது. அதே ஆண்டில் இங்கிலாந்து செல்லும் கிரிக்கெட் அணியிலும் கோபாலன் பெயர் இருந்தது. கிரிக்கெட் பயணம் கோடைக்காலம் முழுவதும், ஒலிம்பிக் ஆகஸ்டில். ஒருவரே இரு கப்பல்களில் ஏற முடியாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார்; தேர்வு ஆட்டங்களுக்குச் செல்லவில்லை.

அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்றொரு மட்டைப் பந்தாட்டம் உண்டு. அங்கே 1965 முதல் ஆண்டுதோறும் இளம் வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. நாட்டிலேயே முதல்வராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடாமல் போய்விட, அணி வெறுங்கையுடன் நின்றது இதுவரை மூன்று முறை. 1971இல் சிகாகோ அணி டானி குட்வினை இழந்தது. அவர் கல்லூரியில் சேர்ந்து, 1975இல் மீண்டும் முதல்வராகவே தேர்வானார். 1983இல் மினசோட்டா, டிம் பெல்ச்சரை இழந்தது. 2014இல் ஹூஸ்டன் அணி, பிராடி எய்க்கன் என்ற இளைஞரின் முழங்கையைச் சோதித்துப் பார்த்துத் தொகையைக் குறைக்க முயன்று அவரை இழந்தது. அங்கெல்லாம் பேரம் பேசப் பணம் இருந்தது. நம் ஹாக்கி, கோபாலனைத் தக்கவைத்துக் கொள்ள எதைக் காட்டியிருக்க முடியும்? கிரிக்கெட்தான் எதைக் காட்டிற்று? இரண்டும் தந்தது ஒரு கப்பல் பயணமும், நாட்டின் பெயர் பொறித்த ஒரு சட்டையுமே. ஆகவே அவர் தேர்வு முழுக்க முழுக்க மனத்தின் தேர்வு.

அந்த இங்கிலாந்துப் பயணத்தின் கதையை நினைத்தாலே நெஞ்சு கசக்கிறது. அணித் தலைவர் விஜயநகரம் மகாராஜகுமாரர். ஆட்டத்திறம் பற்றியல்லாது செல்வாக்குப் பற்றி வந்த தலைமை அது. சி. கே. நாயுடுவைச் சார்ந்தோர் ஒரு புறம், தலைவரைச் சார்ந்தோர் மறுபுறம் என அணி பிளவுற்றுக் கிடந்தது. சிறந்த ஆட்டக்காரர்களுள் ஒருவரான லாலா அமர்நாத், முதல் டெஸ்டுக்கு முன்பே ஊருக்குத் திருப்பியனுப்பப்பட்டார். பின்னர் பம்பாய் உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி பியூமாண்ட் தலைமையில் விசாரணை நடந்து, அமர்நாத் மீது குற்றமில்லை என்றும், தலைமையே சரியில்லை என்றும் முடிவாயிற்று. மூன்று டெஸ்டுகளில் இந்தியா இரண்டில் தோற்றது. ஓல்ட் டிராஃபோர்டில் மெர்ச்சன்டும் முஷ்டாக் அலியும் முதல் விக்கெட்டுக்கு 203 ரன் சேர்த்து மானம் காத்தனர். அந்த ஆட்டம் சமனாயிற்று.

கோபாலன் எங்கே? மூன்று டெஸ்டுகளில் ஒன்றிலும் அவர் ஆடவில்லை. சென்னையிலிருந்து அவரோடு சென்ற மற்றொருவர் கோட்டா ராமசாமி. நாம் முன்னே சொன்ன புச்சி பாபுவின் மைந்தர். அவரும் இரு துறை வீரரே. 1922இல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடியவர். நாற்பது வயதில் இரு டெஸ்டுகளில் இறங்கி 40, 60, 29, ஆட்டமிழக்காமல் 41 என எடுத்து, வந்த வாய்ப்பை நன்கு பயன்படுத்தினார். இளையவராகிய கோபாலனுக்கு அந்த வாய்ப்பே வரவில்லை.

பெர்லினில் நடந்ததையும் பார்ப்போம். ஹாக்கி அணிக்கு அங்கே தொடக்கம் நன்றாயில்லை. பயிற்சி ஆட்டமொன்றில் ஜெர்மானியரிடம் 4-1 என்று தோற்றுக் கலங்கியது. இராணுவத்தில் விடுப்புக் கிடைக்காமையால் முதலில் வர இயலாதிருந்த தாரா என்ற வீரரை அவசரமாக வேண்டியழைத்தனர். அவர் விமானத்தில் பறந்து அரையிறுதிக்கு வந்து சேர்ந்தார். ஆக, ஹாக்கி அவ்வாண்டு விரும்பியும் பெறாதவர் கோபாலன் ஒருவரே என்பதற்கில்லை. தாராவை மட்டும் கடைசி நேரத்தில் மீட்டுக்கொள்ள முடிந்தது. ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்ஸ் என ஒன்றன்பின் ஒன்றாய் வீழ்ந்தன. இறுதி ஆட்டம் மழையால் ஒரு நாள் தள்ளி, ஆகஸ்டு 15ஆம் நாள் நடந்தது. ஆடுமுன் உடைமாற்றும் அறையில், பங்கஜ் குப்தா எடுத்துக் காட்டிய காங்கிரஸ் மூவர்ணக் கொடிக்கு வணக்கம் செலுத்திவிட்டு வீரர்கள் களம் புகுந்தனர். ஜெர்மனியை 8-1 என்று வென்று மூன்றாம் முறையாகத் தங்கம் கொண்டனர். அந்த ஒலிம்பிக் முழுவதிலும் இந்தியா வாங்கிய கோல் அந்த ஒன்றே.

அதே ஆகஸ்டு 15ஆம் நாள்தான் இலண்டன் ஓவல் மைதானத்தில் மூன்றாவது டெஸ்ட் தொடங்கியது. ஹாம்மண்ட் இரட்டைச் சதம் அடித்தார். பாகா ஜிலானிக்கு அன்று முதன்முறையாக இடம் கிடைத்தது. கோபாலனுக்கு அன்றும் இல்லை. ஹாக்கித் தோழர்கள் பெர்லினில் தங்கம் பெற்ற அதே மாலை, ஆடும் பதினொருவருள் ஒருவராகவும் இல்லாது இருந்த அவ்வீரரை எண்ணிப் பாருங்கள்.

இது கண்டு பலர் கோபாலன் தவறிழைத்தார் என்றே எழுதிவிட்டார்கள். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு தொடக்கத்தை எடை போடுவது எளிது. டெஸ்ட் ஆட இங்கிலாந்து செல்வது ஒரு கிரிக்கெட் வீரனுக்கு அன்று பிறவிப் பயன். 1932க்குப் பிறகு 1936. அதற்குப் பின் போர் மூண்டு, அடுத்த பயணம் 1946இல்தான். அவர் முதலில் கற்று, வேலையும் பெயரும் பெற்ற ஆட்டமும் அதுவே. எனினும் இழப்பை இழப்பென்றே சொல்லிவிடுவது நேர்மை. ஒலிம்பிக்கும் போரால் 1948 வரை நடக்கவில்லை. அந்தத் தங்கம் அவருக்கு மறுமுறை கிட்டவே இல்லை. மற்றொரு டெஸ்டும் கிட்டவில்லை. ஹாக்கிக்கோ நட்டம் சிறிது. தங்கம் வந்து சேர்ந்தது. நட்டம் முழுவதும் கோபாலன் தலையிலேயே விழுந்தது.

ஆனால் அவர் அத்துடன் மட்டையை மூலையில் சாத்திவிடவில்லை. நாம் அவரிடம் வியப்பது இதையே. ஊர் திரும்பிச் சென்னைக்காக மேலும் பதினைந்து ஆண்டுகள் ஆடினார். அணிக்குத் தலைமையும் தாங்கினார். 1951-52 வரை நீண்ட அவ்வாழ்வில் முதல்தர ஆட்டங்கள் 78, விக்கெட்டுகள் 194. ஒரு காலத்தில் தேர்வாளர்களால் ஒதுக்கப்பட்டவர், பின்னர் தேசியத் தேர்வுக் குழுவிலும் அமர்ந்தார்.

1952-53இல் சென்னையும் இலங்கையும் ஆடும் பந்தயம் ஒன்று கோபாலன் கோப்பை என்ற பெயரில் தொடங்கிற்று. ஒருவர் வாழும்போதே, இரு நாட்டவர் ஆடும் கோப்பைக்கு அவர் பெயர் வைக்கப்படுவது எளிதில் வாய்ப்பதன்று. 1981இல் டெஸ்ட் தகுதி பெறும்வரை, இலங்கை வீரர்களுக்கு முதல்தர ஆட்டப் பயிற்சி தந்த முக்கியப் பந்தயங்களுள் இதுவும் ஒன்று. கொழும்பிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து கொழும்புக்கும் வீரர்கள் கடல் கடந்து வந்து போயினர்.

கோட்டா ராமசாமி 1985ஆம் ஆண்டு ஒரு நாள் வீட்டைவிட்டு வெளியே சென்றவர், திரும்பவே இல்லை. கோபாலனோ தொண்ணூறைக் கடந்தும் சென்னையிலேயே வாழ்ந்து, 2003ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் காலமானார். அன்று உலகில் வாழ்ந்திருந்த டெஸ்ட் வீரர்கள் அனைவரினும் வயதில் மூத்தவர் அவரே.