இன்ஜினீயர் மகள் கட்டிய கலைக்கூடம்

லேத்தும் ஃபைலும் பிடிக்கிற நம்ம கைக்கும் பரதநாட்டிய முத்திரைக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதனால்தான் கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேலைப் பற்றி எழுத வந்தேன்.

1904 பிப்ரவரி 29-ல் மதுரையில் பிறந்தவர். (நாலு வருஷத்துக்கு ஒருமுறைதான் பர்த்டே!) அப்பா நீலகண்ட சாஸ்திரி, பொதுப்பணித்துறை இன்ஜினீயர். 1920-ல் தன் 16 வயதில் ஜார்ஜ் அருண்டேல் என்ற ஆங்கிலேயரை மணந்தார். ஊரே கொதித்தது. பிறகு ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்தது. சொந்த மண்ணின் கலையைத் தேடும்படி தூண்டியவர் அவர்தான்.

அன்று பரதத்துக்கு சதிர் என்று பெயர். அதைக் காப்பாற்றி வந்தவர்கள் தேவதாசி மரபுப் பெண்களும் நட்டுவனார்களும். அந்தப் பெண்களைச் சமூகம் இழிவாகப் பேசியது. ருக்மிணி தேவி அதற்கெல்லாம் அசரவில்லை. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் போய்க் கற்றார். 1935 கடைசியில் அடையாறில் மேடையேறினார். 1936 ஜனவரி 6-ல் பள்ளி பிறந்தது.

டைகர் வரதாச்சாரியார், மைசூர் வாசுதேவாச்சார் போன்ற ஜாம்பவான்கள் அங்கே பாடம் சொன்னார்கள். ஆட்டத்துக்குத் தகுந்த புடவை வேண்டுமா? வளாகத்திலேயே தறி போட்டார். ஒரு சமயம் நட்டுவனார் விலகிப்போனதும், தாளத்தைத் தானே கையில் எடுத்து நட்டுவாங்கம் செய்தார். ஆள் வரலேன்னா மெஷினை நிறுத்தாத ஜாதி!

மாநிலங்களவை உறுப்பினராக இருந்து மிருகவதைத் தடைச் சட்டத்துக்காகப் போராடினார். 1960-ல் சட்டம் வந்தது. 1977-ல் ஜனாதிபதி வேட்பாளராகும் வாய்ப்பு தேடி வந்தபோதும் வேண்டாமென்றார். 1986 பிப்ரவரி 24-ல் மறைந்தார். அவர் பள்ளியை நாடாளுமன்றம் 1993-ம் வருடச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது.

வெறும் பாராட்டோடு முடிக்க எனக்கு மனசு வரவில்லை. சிருங்காரத்தை அவர் குறைத்ததை நாட்டிய மேதை பாலசரஸ்வதி ஏற்கவில்லை. புது மேடையில் புதுக் குடும்பத்துப் பெண்கள் ஏறினார்கள். பரம்பரையாக ஆடியவர்களில் பலர் மேடையையே இழந்தார்கள். கலை பிழைத்தது, கற்றுக்கொடுத்தவர்கள் மறக்கப்பட்டார்கள்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் நம் கையைப் பிடித்து ஃபைலிங் சொல்லித்தரும் இன்ஸ்ட்ரக்டர் பெயர் எந்தச் சான்றிதழிலும் வராது. நாளைக்கு நாம் பெரிய ஆளானால், அந்தப் பெயரை நாம்தான் சொல்லியாக வேண்டும். ருக்மிணி தேவி என்றால் கௌரி அம்மாளையும் சேர்த்தே சொல்லுங்கள் தோழர்களே!