சொல்லின் வேரைத் தேடிய நல்லூர்ச் சுவாமிகள்

பென்டில் ஹில் என்னும் பெயருக்கு மலை, மலை, மலை என மூன்று முறை கூறுவதாகப் பொருள். இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள குன்றொன்றின் பெயரே சிட்னியின் இப்புறநகருக்கு இடப்பட்டது. அக்குன்றைப் பழங்குடியினர் தம் மொழியில் பென் என்றனர். அதுவும் மலையையே குறிக்கும் என்றறியாத ஆங்கிலேயர் தம் சொல்லான ஹில்லைச் சேர்த்தனர். இரண்டும் கலந்து தேய்ந்து பென்டில் ஆனபின், பின்வந்தோர் இன்னுமொரு ஹில்லை ஒட்டினர்.

இங்ஙனம் புதையுண்ட பொருளைத் தமிழ்ச் சொற்களில் தோண்டியெடுக்க முனைந்தவர் சுவாமி ஞானப்பிரகாசர். 1875இல் மானிப்பாயில் சைவக் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் வைத்திலிங்கம். இளமையிலேயே தந்தையை இழந்தார். தாயின் மறுமணத்தின் பின் கத்தோலிக்கரானார். புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராகச் சிலகாலம் பணிபுரிந்து, அதனைத் துறந்து, 1901இல் குருவானார். நல்லூரே அவரது நிலைக்களமாயிற்று. 1928இல் வெளிவந்த யாழ்ப்பாண வைபவ விமர்சனம் அவரை வரலாற்றாசிரியராக நிலைநிறுத்திற்று. ஆயினும் அவர் உள்ளம் தங்கியது சொற்பிறப்பிலேயே. 1938 முதல் தமது சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியைப் பகுதி பகுதியாக வெளியிடலானார்.

தமிழ்ச் சொற்களெல்லாம் இடத்தைச் சுட்டும் சில உயிரொலிகளிலிருந்து கிளைத்தவை என்பது அவர் கோட்பாடு. அவன், இவன் என்பவற்றுக்கு இடையே உவன் என்றொரு சுட்டு உண்டு. தமிழகப் பேச்சில் அது வழக்கொழிந்தது. உவன், உது, உங்கை என யாழ்ப்பாணத்தாரின் நாவில் இன்றும் உயிர்வாழ்கின்றது. சுட்டொலிகளின் அருமையை யாழ்ப்பாணத்தவர் ஒருவர் உணர்ந்ததில் வியப்பில்லை. (நம் பிள்ளைகள் உதைக் கேட்டு நகைத்தால், அது கொச்சையன்று, தொல்காப்பியர் காலத்துச் சுட்டு என எடுத்துரைத்தல் வேண்டும்.)

வியப்புக்குரியது வேறொன்று. அதே 1930களின் இறுதியில் ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் ரோல்கீன், தாம் கற்பனையில் படைத்த வன தேவதைகளின் மொழிகளுக்கு வேர்ச்சொற்பட்டியல் ஒன்றை எழுதிக்கொண்டிருந்தார். எந்த வேரிலிருந்து எந்தச் சொல், எவ்வொலி மாற்றத்தால் பிறந்தது என்றெல்லாம் அதில் வகுத்தார். அவர் இறந்து 14 ஆண்டுகளின் பின், 1987இல், அது அச்சேறியது. ரோல்கீன் விதித்ததே அம்மொழிக்கு வேர், மறுப்பார் எவருமிலர். சுவாமிகளுக்கோ அவ்வுரிமை இல்லை. அவர் சொன்ன ஒவ்வொரு வேருக்கும் சான்று வேண்டும்.

சான்று எட்டாத தொன்மைக்குள்ளும் அவர் துணிந்து சென்றார் என்பதே என் கருத்து. தமிழை இந்தோ ஐரோப்பிய மொழிகளோடு உறவுபடுத்திய அவரது முடிவுகளைப் பிற்கால மொழியியலாளர் பொதுவாக ஏற்றிலர். 1961இல் திராவிடச் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்ட பரோவும் எமனோவும் இனச்சொற்களைத் திரட்டி வைப்பதோடு அமைந்தனர். மூல வடிவைப் புனைந்து காட்டவில்லை. ஆனால் தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகியவற்றை அருகில் வைத்தே தமிழ்ச் சொல்லை எடைபோட வேண்டுமென்று, பல்கலைக்கழகத் துணையின்றி, நல்லூரிலிருந்தபடி ஒரு குருவானவர் உழைத்தார். 1947 ஜனவரியில் அவர் மறைந்தபோது அகராதி நிறைவுற்றிருக்கவில்லை.