குடலின் தூதரைக் கண்டவர்

உண்ட உணவு தொண்டையைத் தாண்டிவிட்டால் நம் கவலை தீர்ந்தது என்று நாம் இருந்துவிடுகிறோம். வயிறு வலித்தாலன்றி, பிறகு நடப்பதை நாம் நினைப்பதேயில்லை. ஆயினும் ஒரு கவளம் சோறு குழைந்து, புளித்து, இரைப்பையை விட்டுச் சிறுகுடலில் அடியெடுத்து வைத்ததும் கணையத்துக்குச் செய்தி போய்விடுகிறது. விருந்தாளி வந்துவிட்டார், வேண்டியதை அனுப்பு என்பது அச்செய்தி. அதைக் கொண்டுசெல்லும் தூதர் யார்? 19ஆம் நூற்றாண்டு முடியும்வரை இக்கேள்விக்குச் சரியான விடை உலகில் எவரிடமும் இல்லை. விடை கண்டவர் இருவர். அவருள் ஒருவராகிய எர்னஸ்ட் ஹென்றி ஸ்டார்லிங்கின் வாழ்க்கையை நம் சங்க ஏட்டின் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நான் உயிர்வேதியியல் பயிலும் மாணவன். எங்கள் பாட நூல்களில் ஸ்டார்லிங்கின் பெயர் மூன்று இடங்களில் வரும்: இதயத்தைப் பற்றிய பாடத்தில் ஒன்று, நுண்குழாய்களைப் பற்றிய பாடத்தில் ஒன்று, குடலைப் பற்றிய பாடத்தில் ஒன்று. தேர்வுக்காக மூன்றையும் மனப்பாடம் செய்தேன். அம்மூன்றும் ஒரே மனிதர் என்பதும், அவருடைய குடும்பத்துக்கு நாம் வாழும் இப்பம்பாய் நகரம்தான் சோறு போட்டது என்பதும் பின்னரே எனக்குத் தெரிய வந்தன.

ஸ்டார்லிங் 1866ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள் லண்டனில் பிறந்தார். எழுவரில் மூத்தவர். தந்தையார் வழக்கறிஞர், பம்பாயில் கிரௌன் கிளார்க் என்னும் நீதித்துறைப் பதவியில் இருந்தார். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் ஊர் திரும்ப அவருக்கு வாய்த்தது. பிள்ளைகள் தாயாரிடமே வளர்ந்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு வேற்றுநாட்டுக் கதை படிப்பதுபோல் இல்லை. என் தந்தையாரும் பல்லாண்டுகள் இதே நகரில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதினார். நாங்கள் ஊரில் அம்மாவோடும் ஆச்சியோடும் இருந்தோம். கோடை விடுமுறைக்கு அப்பா வருவார், பழகிக்கொள்வதற்குள் புறப்பட்டுவிடுவார். பணம் வரும், தந்தை வரமாட்டார் என்பது எப்படிப்பட்ட வாழ்வு என்று நம்மில் பலருக்குத் தெரியும். அத்தகைய வீட்டு மூத்த பிள்ளைக்குப் பொறுப்பு முன்னதாகவே வந்துவிடுகிறது.

16ஆம் வயதில், 1882இல், ஸ்டார்லிங் லண்டன் கைஸ் மருத்துவமனையின் கல்லூரியில் சேர்ந்தார். அக்காலத்தில் உடலியல் ஆராய்ச்சிக்குத் தாயகம் ஜெர்மனி. 1885இல் ஹைடல்பர்க் சென்று, என்ஸைம் என்னும் சொல்லை வழங்கிய கூனே என்பவரின் ஆய்வுக்கூடத்தில் பயின்றார். பின்னர் ப்ரெஸ்லௌ நகரில் ஹைடன்ஹைன் என்னும் பேரறிஞரிடம் நிணநீரைப் பற்றி ஆராய்ந்தார். ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்காமல் தாமே அளந்து பார்த்தார். இரத்தத்தின் அழுத்தம் நீரை நுண்குழாய்க்கு வெளியே தள்ளுகிறது. இரத்தத்திலுள்ள புரதம் அந்நீரை உள்ளே இழுக்கிறது. இவ்விரண்டின் இழுபறிதான் கணக்கு என்று 1896இல் காட்டினார். இரத்தத்தில் புரதம் மிகக் குறைந்தால் உடலில் நீர் கோத்து வீங்குவதன் காரணத்தை இன்றும் நாங்கள் இக்கணக்கைக் கொண்டே தொடங்கிப் படிக்கிறோம். 1899இல் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் உடலியல் பேராசிரியரானார். அப்போது வயது 33.

அங்கே அவருக்கு உற்ற துணையாக வாய்த்தவர் வில்லியம் பேலிஸ். ஸ்டார்லிங்கைவிட ஆறு ஆண்டு மூத்தவர். 1893இல் ஸ்டார்லிங்கின் தங்கை கெர்ட்ரூடை மணந்தவர். ஆகவே இருவரும் மைத்துனர். ஸ்டார்லிங் வேகம் மிக்கவர், நினைத்ததை உடனே செய்பவர், பேச்சிலும் ஒளிவுமறைவு அறியாதவர். பேலிஸோ அமைதியானவர்; ஒன்றைப் பத்து முறை சரிபார்த்த பிறகே வாய் திறப்பவர். காளையும் பசுவும்போல் குணம் வேறுபட்ட இருவரும் ஒரே நுகத்தில் பூட்டப்பட்டது விஞ்ஞானத்தின் நற்பேறு.

செரிமானத்தில் அக்காலத்தின் தலைசிறந்த அறிஞர் ரஷ்யாவின் பாவ்லவ். சிறுகுடலின் தொடக்கத்தில் அமிலம் பட்டால் கணையம் சுரக்கிறது என்று அவருடைய ஆய்வுக்கூடம் கண்டிருந்தது. இது நரம்புகளின் வேலை என்று அவர்கள் கருதினார்கள். குடலின் நரம்புத் தொடர்பைத் துண்டித்த பின்னும் கணையம் சுரப்பதைப் பிரான்ஸில் இருவர் கண்டார்கள். அவர்களும் அருகிலுள்ள சிறு நரம்பு முடிச்சுகள்தாம் காரணமாக இருக்கும் என்று அமைதி கொண்டார்கள். கண் கண்டது, கருத்து இடங்கொடுக்கவில்லை.

1902ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள். மயக்க மருந்து கொடுக்கப்பட்ட ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு பகுதியை இருபுறமும் கட்டி, அதற்குச் செல்லும் நரம்புகளை எல்லாம் அறுத்தார்கள். இரத்தக் குழாய்கள் மட்டுமே மிஞ்சின. அப்பகுதிக்குள் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் செலுத்தினார்கள். சிறிது நேரத்தில் கணைய நீர் சொட்டத் தொடங்கிற்று. நரம்பு இல்லை; செய்தி போயிருக்கிறது. அப்படியானால் அது இரத்தத்தின் வழியேதான் போயிருக்க வேண்டும், இது ஓர் இரசாயனச் செய்தி என்று ஸ்டார்லிங் அங்கேயே முடிவுக்கு வந்தார். உடனே ஒரு குடல் துண்டின் உட்சவ்வைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, அச்சாற்றை நாயின் கழுத்துச் சிரையில் செலுத்தினார். சில நொடிகள் சென்றன. கணையம் முன்னினும் மிகுதியாகச் சுரந்தது! அமிலத்தை மட்டும் இரத்தத்தில் செலுத்தினால் ஒன்றும் நிகழவில்லை. ஆகவே, குடற்சவ்விலிருந்து வந்த பொருளே தூதர். அதற்குச் செக்ரட்டின் என்று பெயரிட்டார்கள்.

இதன் பயனை எளிதாகச் சொல்லலாம். இரைப்பையிலிருந்து வரும் கூழ் கடும் புளிப்பு உடையது. அப்புளிப்பில் கணையத்தின் என்ஸைம்கள் வேலை செய்யமாட்டா, குடலும் புண்ணாகிவிடும். புளிப்புப் பட்டதும் குடல் செக்ரட்டினை இரத்தத்தில் விடுகிறது. கணையம் சோடாக் காரம் கலந்த நீரைப் பாய்ச்சுகிறது. புளிப்பு அடங்கியதும் தூதருக்கு வேலை இல்லை, சுரப்பும் தணிகிறது. கொழுப்பும் புரதமும் வந்தால் வேறொரு தூதர் புறப்படுகிறார்; 1928இல் கண்டறியப்பட்ட கொலிசிஸ்டோகைனின் என்பவர் அவர். பித்தப்பையைச் சுருங்கச் செய்து பித்தநீரை இறக்குகிறார். கணையத்திலிருந்து என்ஸைம்களையும் வரவழைக்கிறார். ஆக, ஊட்டப்பொருள் தூதரை எழுப்புகிறது. தூதர் அவ்வூட்டப்பொருளை உடலில் சேர்க்கிறார். கொடுக்கல் வாங்கல் இரண்டும் ஒழுங்காக நடக்கும் நல்ல கடை போன்றது நம் குடல்.

பாவ்லவின் பெருந்தன்மையையும் இங்கே சொல்ல வேண்டும். லண்டன் செய்தி எட்டியதும் தம் மாணவரைக்கொண்டு அச்சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார். கணையம் சுரப்பதைத் தம் கண்ணால் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தம் அறைக்குள் சென்றார். அரை மணி கழித்து வந்து, அவர்கள் சொல்வதே சரி, உண்மையைக் காணும் உரிமை நமக்கு மட்டும் உரியதன்று என்ற கருத்துப்படப் பேசினார் என்று அவருடைய மாணவர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். நரம்புக்கும் செரிமானத்தில் பங்கு உண்டென்று காட்டிய பாவ்லவுக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டார்லிங்குக்கு அது கிடைக்கவேயில்லை.

1905ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் மருத்துவர் கல்லூரியில் ஆற்றிய சொற்பொழிவுகளில், இத்தகைய தூதர்களுக்கெல்லாம் பொதுவாக ஹார்மோன் என்னும் பெயரை வழங்கினார். தூண்டி எழுப்புதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையிலிருந்து அமைந்த சொல் அது. தமிழில் இயக்குநீர் என்று நாம் சொல்வது அம்மூலப் பொருளுக்கு எவ்வளவு அணுக்கமாக இருக்கிறது பாருங்கள்!

இனிச் சொல்வது இனிப்பான செய்தியன்று. நாய்களைக்கொண்டு நடந்த சோதனைகள் ஊரில் பெரும் புயலை எழுப்பின. 1902 டிசம்பரில் ஸ்டார்லிங் ஒரு பழுப்பு நிற நாய்க்குக் கணையத்தில் அறுவை செய்திருந்தார். 1903 பிப்ரவரியில் அதே நாயைத் திறந்து பார்த்துவிட்டு, பேலிஸின் வகுப்புக்கு அதனைக் கொடுத்தார். அவ்வகுப்பில் இருந்த ஸ்வீடன் நாட்டுப் பெண்கள் இருவர், நாய் சரியாக மயக்கப்படவில்லை என்று எழுதினார்கள். அதைப் பொதுமேடையில் முழங்கியவர்மீது பேலிஸ் அவதூறு வழக்குத் தொடுத்தார். நவம்பரில் பேலிஸின் பக்கம் தீர்ப்பாயிற்று. கிடைத்த 2,000 பவுனை அவர் கல்லூரியின் ஆராய்ச்சிக்கே கொடுத்துவிட்டார். ஆனால் ஒரு நாயை இருமுறை பயன்படுத்தியது சட்டப்படி சரியன்று என்பதை ஸ்டார்லிங் நீதிமன்றத்தில் மறைக்கவில்லை. இன்னொரு நாய் சாகாமல் இருக்கவே அவ்வாறு செய்ததாகக் கூறினார். 1906இல் அந்நாய்க்கு லண்டன் பேட்டர்சியில் சிலை எழுந்தது. 1907இல் மருத்துவ மாணவர்கள் அதற்கெதிராகக் கலகம் செய்தார்கள். 1910இல் அச்சிலை அகற்றப்பட்டது.

இவ்வழக்கில் எவர் பக்கம் நிற்பது என்று நானும் பலநாள் எண்ணியதுண்டு. செக்ரட்டின் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அதே சமயம், கேள்வி கேட்ட அப்பெண்களை அறியாதவர் என்று தள்ளவும் முடியவில்லை. இன்று நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் ஓர் எலியைத் தொடவும் நெறிக்குழுவின் இசைவு வேண்டும்; எத்தனை எலி, எதற்காக, வலியைக் குறைக்க என்ன வழி என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அப்படிவத்தை நிரப்புவதைச் சிலர் தொல்லை என்பர். நான் அவ்வாறு கருதுவதில்லை. அக்கேள்விகள் கேட்கப்படுவதற்கு அந்தப் பழுப்பு நாயும் ஒரு காரணம்.

முதல் உலகப் போர் வந்தது. நச்சுப்புகையிலிருந்து படைவீரர்களைக் காக்கும் பணியில் ஸ்டார்லிங் ஈடுபட்டார். மேலிடத்தாரின் அறியாமையை முகத்துக்கு நேரே சொன்னதால் அவர்களுக்கு வேண்டாதவரானார். 1917இல் ஜெர்மன் நீர்மூழ்கிகள் தானியக் கப்பல்களை மூழ்கடித்தபோது, இங்கிலாந்தின் உணவுக் கணக்குப் பார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. ராயல் சொஸைட்டியின் போர்க்கால உணவுக் குழுவுக்குத் தலைவராகவும், உணவு அமைச்சகத்துக்கு ஆலோசகராகவும் இருந்தார். உழைப்பவனுக்கு வயிறார ரொட்டி வேண்டும். அதில் கைவைக்கக் கூடாது என்பது அக்குழுவின் கொள்கை. சர்க்கரையும் இறைச்சியும் வெண்ணெயும் 1918இல் பங்கீட்டுக்கு வந்தன. ரொட்டி மட்டும் அப்போரில் பங்கீட்டுக்கு வரவேயில்லை. தவிட்டைக் குறைவாக நீக்கி, பிற தானிய மாவையும் கலந்து, இருப்பதைப் பெருக்கினார்கள்.

1919இல் அவர் ஜெர்மனிக்குச் சென்று, அங்குள்ள உணவு நிலையை ஆராய்ந்து அறிக்கை தந்தார். போர் நின்றும் உணவுக் கப்பல்களுக்கு இருந்த தடை முற்றும் நீங்காத காலம் அது. தாம் இளமையில் கல்வி கற்ற நாட்டின் நகரங்களில் மக்கள் மெலிந்து சோர்ந்திருப்பதைக் கண்டார். பகைநாட்டு மக்களாயிற்றே என்று கணக்கைக் குறைத்து எழுதவில்லை. பசியை அளக்கும் கோல் எல்லா நாட்டுக்கும் ஒன்றுதான் என்பது குடலை ஆராய்ந்தவருக்குத் தெரியாதா?

விதியின் கொடுமை, 1920இல் அவருடைய பெருங்குடலிலேயே புற்றுநோய் கண்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் ஆய்வுக்கூடத்தை விடவில்லை. சிறுநீரகம் வேலை செய்யும் வகையை இளைஞர்களோடு ஆராய்ந்தார். 1924இல் பேலிஸ் காலமானார். 1927ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், உடல் தேறக் கப்பலில் சென்றவர், ஜமைக்காவின் கிங்ஸ்டன் துறைமுகத்தில் கப்பலிலேயே உயிர் நீத்தார். வயது 61. உற்றார் ஒருவரும் அருகில் இல்லை. அத்தீவிலேயே அடக்கம் செய்தார்கள். தந்தையைக் கடலுக்கு அப்பால் வைத்து வளர்ந்த பிள்ளைக்கு, முடிவும் கடலுக்கு அப்பாலே வாய்த்தது.

ஓய்வு பெற்று ஊர் திரும்பிய என் தந்தையார் இப்போது காலைதோறும் சர்க்கரை நோய்க்கு ஒரு மாத்திரை விழுங்குகிறார். சிட்டாகிளிப்டின் என்பது அதன் பெயர். உணவு கண்டதும் குடல் அனுப்பும் ஒரு ஹார்மோன், இன்சுலினைச் சுரக்கும்படி கணையத்துக்குச் சொல்கிறது. அத்தூதர் வழியிலேயே விரைவில் சிதைந்துவிடாமல் காப்பதுதான் அம்மாத்திரையின் வேலை. நீ படிக்கிற படிப்பால் என்ன பயன் என்று சென்ற விடுமுறையில் அப்பா கேட்டார். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, குடலில் தொடங்கி இக்கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். பம்பாயில் வேலை பார்த்த அந்தத் தந்தையைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். ஏழு பேர் என்றேன். பாவம், அந்த அம்மாள் என்றார்.

மாத்திரையைக் குறித்து அவர் மேலும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்று முதல் அதை ஒருநாளும் மறப்பதில்லை என்று அம்மா எழுதியிருக்கிறார்.